உப்புப் படிவு, மங்கிய கல், நாற்றமடிக்கும் வாஷிங் மெஷின்: எதற்கு எதைப் போடுவது?

ஈரத்துணி:

வணக்கம். எங்களுக்குப் புதிய, ஆனால் வயதான ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம். வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் சோப்பு நுரைக்கவே தயங்குகிறது. முன்பு குடியிருந்தவர்களுக்குத் துடைப்பதில் நம்பிக்கை கிடையாது போலும். குழாய்களின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக இறுகிய வளையம். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டு, திறந்தால் தண்ணீர் ஆளை விட்டுவிட்டுச் சுவரை நனைக்கிறது. குளியலறைக் கண்ணாடிக் கதவு முழுக்க மூட்டம். எலக்ட்ரிக் கெட்டில் எங்களுடையதுதான். அதன் அடியிலும் இப்போது செதில் செதிலாக வெள்ளைப் படிவு.

சமையலறை மேடையில் இரண்டு வகைக் கல். சிங்க்கை ஒட்டிய கறுப்புக் கல்லில் குறை ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் இருக்கும் வெள்ளைக் கல்லில் வட்ட வட்டமாக மங்கிய தழும்புகள். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரலை ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது.

வீட்டோடு வந்த வாஷிங் மெஷின், முன்பக்கம் கதவு உள்ளது. கதவைச் சுற்றிய ரப்பர் வளையத்தில் கறுப்புப் புள்ளிகள். துவைத்து எடுத்த துணியிலேயே ஈர நாற்றம்.

காணொளிகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் வினிகரும் சமையல் சோடாவும் என்கிறார். ஒருவர் எல்லாவற்றுக்கும் பிளீச் என்கிறார். இன்னொருவர் கழிப்பறை கழுவும் திரவத்தையே சிங்க்கில் ஊற்றிக் காட்டுகிறார். கம்பி நாரும் கைவலுவும் போதும் என்பது என் மாமியாரின் கட்சி. எதற்கு எதைப் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


பளபளப்பு:

வினிகரும் சோடாவும்தான் சகோதரி, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். முதலில் சோடாவைத் தூவுங்கள், மேலே வினிகரை ஊற்றுங்கள். நுரை பொங்கும்போது அழுக்கு தானாகக் கிளம்பிவிடும். எங்கள் வீட்டில் மேடை, குழாய், மெஷின் எல்லாவற்றுக்கும் இதுதான். ரசாயனமே வேண்டாம்.


திருப்புளி:

பளபளப்பு அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த நுரை கண்ணுக்கு விருந்து. கறைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கார்பன் டை ஆக்சைடு குமிழாகப் பறந்துபோகும். மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். 5 சதவீத வினிகர் 100 மில்லியை முழுதாக முடக்க 7 கிராம் சோடா போதும், ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. அதற்குப் பிறகு சுத்தம் செய்வது உங்கள் கைதான், கலவை அல்ல. ரசாயனமே வேண்டாம் என்கிறீர்கள். வினிகரும் ரசாயனம்தான், தண்ணீரும் ரசாயனம்தான். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஈரத்துணி அம்மா, வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பதே என் தொழிலாக இருந்தது. கெட்டுப்போனது என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை கெட்டுப்போனவை அல்ல, தப்பான திரவத்தால் கெடுக்கப்பட்டவை. எந்தப் புட்டியைத் திறப்பது என்று கேட்கிறீர்கள். திறப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: படிந்திருப்பது என்ன, அது எதன்மேல் படிந்திருக்கிறது. உப்புப் படிவை அமிலம் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் காரம் கரைக்கும். பூஞ்சைக்குச் சூடும் உலர்வும் ஆகாது. இதில் முதல் கேள்விக்குப் பலரும் பதில் வைத்திருப்பார்கள். இரண்டாவதைக் கேட்பவர்களைத்தான் காணோம்.

உங்கள் வீட்டு வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடேறியதும் சிதைந்து கரையாத கார்பனேட்டாக இறங்கிவிடுகிறது. கெட்டிலின் அடியில், அதாவது சூடு அதிகமாகத் தாக்கும் இடத்தில், படிவு தடிமனாக இருப்பது அதனால்தான். அது வெப்பத்தைத் தடுக்கும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், சூடேற்றும் கம்பிச் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும், ஒரு நாள் போய்விடும். குழாய்க் கழுத்தில் நடப்பது வேறு. அங்கே சொட்டிய நீர் காய்ந்து உப்பை விட்டுச் செல்கிறது. பொருள் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

எனக்கு வினிகரைவிடச் சிட்ரிக் அமிலத் தூள் பிடிக்கும். நாற்றம் இல்லை, அளந்து போடலாம். கெட்டிலுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கவைக்காதீர்கள். சிட்ரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட், நீர் சூடாக ஆகக் குறைவாகக் கரையும் பொருள். கொதிக்கவிட்டால் ஒரு படிவை எடுத்துவிட்டு இன்னொரு படிவை உட்காரவைத்தவர் ஆவீர்கள். ஊற்றிக் கழுவிய பின் வெறும் தண்ணீரை ஓரிரு முறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். மின்இணைப்பு உள்ள அடிப்பாகத்தை நீரில் முக்க வேண்டாம். கத்தியால் சுரண்டவும் வேண்டாம்.

குழாய்க்கு அதே கரைசலில் ஒரு பழந்துணியை நனைத்துக் கழுத்தில் சுற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து அவிழ்த்துப் பாருங்கள். போகவில்லையா, கழுவிவிட்டு மறுபடியும் கால் மணி நேரம். இரவு முழுக்கச் சுற்றிவைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். குழாயின் மினுமினுப்பு மிக மெல்லிய குரோமிய முலாம். எங்காவது ஒரு கீறல் வழியே அமிலம் அடியில் போனால் முலாம் உரிய ஆரம்பிக்கும். உரிந்த முலாமை வீட்டில் ஒட்ட முடியாது. குழாய் முனையில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும், திருகினால் கழன்று வரும். அதைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள், மாட்டும்போது எது முன்னால் எது பின்னால் என்று திண்டாடாமல் இருக்கலாம். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மோட்டாரைச் சந்தேகிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஷவரைக் கழற்ற முடிந்தால் வாளியில் ஊறவைக்கலாம். முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, ஷவர் மூழ்கும்படி மேலே ஏற்றி, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். துளைகள் ரப்பர் முனைகளாக இருந்தால் ஊறியபின் கட்டைவிரலால் தேய்த்தாலே போதும். ஊசியால் குத்தினால் துளை கோணலாகும். அப்புறமும் சுவர்தான் குளிக்கும்.

கம்பி நார் விஷயத்தை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும்; துருவைத் தடுப்பது அதுதான். சாதாரண இரும்புக் கம்பி நார் தேய்க்கும்போது நுண்ணிய இரும்புத் துகள்களை அங்கே விட்டுவிட்டு வரும். மறுநாள் அந்தத் துகள்கள் துருப்பிடிக்கும், பழி சிங்க்கின்மேல் விழும். பிளாஸ்டிக் நாரோ மெல்லிய துணியோ போதும். சிங்க்கில் நேர்க்கோடாக இழை தெரிந்தால் அந்த இழை போகும் திசையிலேயே தேயுங்கள்.

இனி வாஷிங் மெஷின். நாற்றத்துக்குக் காரணம் சோப்பு குறைவாகப் போடுவது அல்ல, அதிகமாகப் போடுவது. அலசி வெளியேறாத சோப்பு, துணியை மென்மையாக்கும் திரவத்தின் பசை, துணியிலிருந்து வந்த உடல் எண்ணெய் எல்லாம் டிரம்முக்குப் பின்னால், உங்கள் கண்படாத பக்கத்தில், வழவழப்பான படலமாகப் படிகின்றன. அதில்தான் கிருமிகளும் பூஞ்சையும் குடியிருக்கின்றன. எப்போதும் குளிர்ந்த நீரில் துவைத்து, முடிந்த கையோடு கதவை அடைத்தால் அவற்றுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. நாறுகிறது என்று மக்கள் இன்னும் அதிகச் சோப்பு போடுகிறார்கள். என் பிழைப்பு அதில்தான் ஓடியது, நான் குறை சொல்லக் கூடாது.

சோப்புத் தட்டை முழுதாக இழுத்து எடுத்து, அது நுழையும் பொந்தின் மேற்கூரையையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கறுப்பு அங்கேதான் பதுங்கியிருக்கும். ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து, சோப்பு நீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி உள்ளே ஓட்டுங்கள். பிறகு துணி போடாமல் 60 டிகிரி அல்லது அதற்கு மேல் ஒருமுறை முழுச் சுற்று ஓடவிடுங்கள். கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள். அன்றிலிருந்து, துவைத்த பின் கதவும் சோப்புத் தட்டும் சற்றுத் திறந்தே இருக்கட்டும். சிறு குழந்தை இருக்கிற வீடென்றால் மெஷின் கதவைத் திறந்து வைத்து, துவைக்கும் அறையைப் பூட்டிவிடுங்கள். ரப்பரில் ஊடுருவிய கறுப்புப் புள்ளிகள் முழுக்கப் போகாமல் இருக்கலாம். நாற்றம் போய்விட்டால் புள்ளிகளை மன்னித்துவிடுங்கள்.

வெள்ளைக் கல்லைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்.


கல்தச்சன்:

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா.

அந்த வெள்ளைக் கல் மார்பிளாக இருக்கத்தான் வாய்ப்பு. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். உங்கள் குழாயில் இருக்கும் படிவும் உங்கள் மேடையும் வேதியியல்படி ஒரே பொருள். படிவைக் கரைக்கிற எதுவும் மேடையையும் கரைக்கும். அந்த வட்டங்கள் கறை அல்ல. யாரோ புளிப்பான திரவம் வழிந்த டம்ளரையோ புட்டியையோ அங்கே வைத்து எடுத்திருக்கிறார்கள். அமிலம் மெருகைத் தின்றுவிட்டது. அங்கே அழுக்கு சேர்ந்திருக்கவில்லை, கல் குறைந்திருக்கிறது. இல்லாத அழுக்கை எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது.

சந்தேகம் தீர வேண்டுமானால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெல்லக் குமிழி வந்தால் மார்பிள் அல்லது சுண்ணாம்புக் கல். உடனே துடைத்துத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். கறுப்புக் கல்லிலும் இதையே செய்யுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் அல்ல, கறுப்பு மார்பிளும் உண்டு. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்சுக்கு, கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோ அளவில், கடினம் 7, பெல்ட்ஸ்பாருக்கு 6. மார்பிளின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே. கத்தி முனை பட்டாலே கீறும்.

தழும்பு லேசாக இருந்தால் டின் ஆக்சைடு உள்ள மார்பிள் பாலிஷ் பொடியை ஈரக் கம்பளித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்து மெருகை மீட்கலாம். பொறுமை வேண்டும். விரலுக்குச் சொரசொரப்பு தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் வைரத்தூள் பதித்த தட்டுகளால் தண்ணீர் விட்டு, சொரசொரப்பான தட்டில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய தட்டுவரை இழைக்க வேண்டியிருக்கும். அது கைதேர்ந்தவர் வேலை. வாடகை வீடு என்பதால் முதலில் உரிமையாளரிடம் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், பின்னால் உங்கள் தலையில் கட்டாமல் இருக்கட்டும்.

சீலர் பூசினால் அமிலம் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீலர் நுண்துளைகளில் எண்ணெய் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தினமும் துடைக்கப் பாத்திரம் கழுவும் மிதமான சோப்பு ஒரு சொட்டும் தண்ணீரும் போதும். சிங்க் குழாயில் சிட்ரிக் அமிலத் துணி சுற்றும்போது அது வெள்ளைக் கல்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


பளபளப்பு:

எங்கள் வீட்டு மேடை கிரானைட்தான், அதனால்தான் தப்பித்தது போலிருக்கிறது. ஆனால் சிங்க் அடைப்புக்குச் சோடாவும் வினிகரும் ஊற்றி நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அடைப்பு விட்டதே?


திருப்புளி:

கடைசியில் ஒரு குடம் கொதிநீர் ஊற்றியிருப்பீர்களே, அதுதான் வேலை செய்தது. பிளாஸ்டிக் குழாயானால் கொதிநீரும் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகம் போதும்.


ஆய்வகம்:

இதுவரை யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன், இது விளையாட்டு இல்லை. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு வினிகர், சிட்ரிக் அமிலம், கழிப்பறை கழுவும் திரவம் என எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். கதவடைத்த சிறிய குளியலறையில் கொஞ்சம் உண்டானாலும் நுரையீரல் பாதிக்கப்படும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், அதுவும் நச்சு. தவறுதலாகக் கலந்து கண் எரிந்தால் நின்று கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே வந்து நல்ல காற்றில் நில்லுங்கள், மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆகவே மெஷினுக்குச் சிட்ரிக் அமிலம் போடும் நாளில் பிளீச் கிடையாது. இடையில் வெறும் தண்ணீரில் ஒரு முழுச் சுற்று ஓடியிருக்க வேண்டும். கழிப்பறை திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை எவர்சில்வர் சிங்க்கில் ஊற்றினால் திருப்புளி ஐயா சொன்ன ஆக்சைடு படலத்தை அந்தக் குளோரைடு துளைத்து, ஊசி முனைக் குழிகளை உண்டாக்கும். காணொளியில் பளபளவென்று தெரிந்திருக்கும். அடுத்த மாதம் அதே சிங்க்கை அவர்கள் காட்ட மாட்டார்கள்.


ஈரத்துணி:

எல்லோருக்கும் நன்றி. கெட்டில் புதிதுபோல் ஆகிவிட்டது, செதில்கள் தாமாகக் கழன்று மிதந்ததைப் பார்க்க வேண்டுமே! ஷவர் இப்போது நேராகப் பொழிகிறது. வெள்ளைக் கல்லில் சொட்டு விட்டேன், குமிழி வந்தது, கறுப்பில் வரவில்லை. உரிமையாளருக்குப் படம் போய்விட்டது. மாமியார் கம்பி நாரை வாணலிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார், வெற்றிதான்.

மிச்சம் சில. கண்ணாடிக் கதவில் கீழ்ப்பாதி தெளிந்துவிட்டது, மேலே மூட்டம் அப்படியே. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் பழுப்பான, விரலில் ஒட்டும் பிசுக்கு. தையல் கத்தரிக்கோல் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. மெஷினின் வடிகட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.


திருப்புளி:

கண்ணாடி: சோப்பும் படிவோடு கலந்திருக்கும். முதலில் பாத்திரச் சோப்பால் அதை எடுங்கள், பிறகு அமிலத் துணி. அப்போதும் மூட்டம் போகாவிட்டால் அது படிவு அல்ல. ஆண்டுக்கணக்கில் நீர் காய்ந்து காய்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்திருக்கிறது, மார்பிள் கதைதான். சீரியம் ஆக்சைடு பொடியால் ஓரளவு மெருகூட்டலாம். ஒரு கதவு முழுக்கச் செய்ய நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். குளித்தவுடன் ரப்பர் வைப்பரால் நீரை வழித்துவிட்டால் மேற்கொண்டு அரிக்காது.

ஃபேன்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள். எண்ணெய் ஆவி காற்றோடு வினைபுரிந்து வார்னிஷ் போல் இறுகியிருக்கும், அதனால் அவசரப்பட்டால் கைதான் வலிக்கும். பிளாஸ்டிக் இறக்கையானால் சூடான நீரில் பாத்திரச் சோப்பும் சலவை சோடாவும் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடை குறைவாக, காந்தம் ஒட்டாத உலோகமாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். அதற்குச் சலவை சோடா கூடாது, கறுத்துவிடும். வெறும் சோப்பில் கூடுதல் நேரம் ஊறட்டும். மோட்டார்ப் பகுதியைப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

கத்தரிக்கோல்: உங்களிடம் மிச்சம் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம் துருவையும் கரைக்கும். சில மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோடா கரைத்த நீரில் அலசுங்கள். பளபளப்பு அவர்கள் கவனிக்க: சோடாவுக்கு இங்கே வேலை உண்டு, எஞ்சிய அமிலத்தை முறிக்க. ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும், சேர்ந்து அல்ல. உடனே துடைத்துக் காயவையுங்கள், ஈரத்தோடு விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுத் துரு பூக்கும். திருகாணிக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் திறந்து மூடுங்கள். இதே சூட்டில் சுத்தியல், உளி என்று மரப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூச நினைத்தால், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவரும், சுருண்ட துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் முக்கிவிடுங்கள்.

வடிகட்டி: மெஷினின் முன்பக்கம், கீழே ஒரு மூலையில் சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே திருகும் குமிழ். சில மாடல்களில் பக்கத்திலேயே ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருக்கும், அதை முதலில் இழுத்துத் தட்டில் நீரை வடித்துவிடுங்கள். குழாய் இல்லாவிட்டால் தரையில் பழைய துணியைப் பரப்பி, ஆழமில்லாத தட்டு வைத்து, குமிழைச் சற்றே தளர்த்தி, நீர் நின்ற பிறகு மேலும் திருகுங்கள். சூடான சுற்று முடிந்த கையோடு திறக்காதீர்கள், உள்ளே நிற்பது வெந்நீர். குமிழ் இறுகியிருந்தால் குறடு போட்டு முறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் காது ஒடிந்துவிடும். ஈரமில்லாத ரப்பர் கையுறையோடு பிடித்துத் திருகிப் பாருங்கள். வெளியே எடுத்த பிறகு அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தெரியும் சின்ன இறக்கை தடையில்லாமல் சுழல வேண்டும். பெரும்பாலும் அதில் ஒரு கொண்டை ஊசியோ சட்டைப் பொத்தானோ சிக்கியிருக்கும்.